பெட்டி வைப்பது சுலபம், சாவி யாரிடம்?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறரை மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் போட்டு, ஏழு மணிக்குள் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருப்பதே நம் குடியிருப்பில் ஒரு சாதனைதான். செயலாளர் என்னிடம், "சார், ஒரு பதினைந்து நிமிஷம் பேசுங்கள்" என்றார். வங்கியில் குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் நான். எனக்குப் பற்று வரவு தெரியும், மேடைப்பேச்சு தெரியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன மாதம் நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்தது. வருகிற கோடையில் தண்ணீருக்கு என்ன செய்யலாம் என்று எல்லா வீடுகளிலிருந்தும் யோசனை கேட்பது என்பதுதான் அது. நல்ல முடிவு. போன கோடையில் டேங்கர் லாரிக்குக் கொடுத்த பணம், கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க என்று சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து போனது. இந்தக் கோடையிலும் அப்படி எடுக்க அதில் பணம் இல்லை. அதனால் எல்லோரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால், எப்படிக் கேட்பது? அதைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். முதலில் என் சொந்தக் கதை ஒன்று.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில், நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆலோசனைப் பெட்டி இருந்தது. மரப்பெட்டி, பச்சை பெயின்ட், சின்னப் பூட்டு. தலைமை அலுவலகத்திலிருந்து சர்க்குலர் வந்தது, பெட்டியை மாட்டினோம். மாட்டிவிட்டதாகப் பதில் கடிதமும் போய்விட்டது. அதோடு அந்த ஃபைல் மூடப்பட்டது. சில வருஷம் கழித்துக் கிளையை வேறு கட்டடத்துக்கு மாற்றும்போதுதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியது. சாவியைத் தேடினோம். அது என் மேஜை இழுப்பறையில், பழைய ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில் கிடந்தது. என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் மறந்தே போய்விட்டேன்.

பெட்டிக்குள் பதினைந்து இருபது சீட்டுகள். பாதி மழைச்சாரலில் நனைந்து படிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் பணம் எடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது. எழுதியவர் ஒரு ஓய்வூதியர். "மாதம் பிறந்ததும் பாஸ்புக்கில் வரவு வைக்க வருகிறவரும், பணம் எடுக்க வருகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். முதல் மூன்று நாட்கள் மட்டும் பாஸ்புக்குக்குத் தனி ஜன்னல் வைத்தால் வரிசை பாதியாகும். எங்களில் பலருக்கு முழங்கால் வலி." கையெழுத்துக்குக் கீழே பொறுப்பாகத் தன் சேமிப்புக் கணக்கு எண்ணையும் எழுதியிருந்தார்.

அந்த யோசனைக்கு ஒரு பைசா செலவில்லை. புது ஆள் வேண்டாம், மேலிடத்து அனுமதி வேண்டாம். மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே செய்திருக்கலாம். நான் லெட்ஜரை எடுத்து அந்த எண்ணைப் பார்த்தேன். வாரிசுக்குப் பணம் பட்டுவாடா செய்து, கணக்கு முடிக்கப்பட்டிருந்தது.

புதுக் கட்டடத்தில் அந்தத் தனி ஜன்னலை வைத்தோம். அவர் சொன்னபடியே வரிசை குறைந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து எங்கே ஆலோசனைப் பெட்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் பூட்டைத்தான் பார்க்கும்.

இப்படி ஊரைக் கேட்டுக் காரியம் செய்வதற்கு இன்று கிரவுட்சோர்சிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2006-ல் ஜெஃப் ஹோவ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வயர்ட் இதழில் எழுதிய கட்டுரையால் பிரபலமான சொல் அது. பெயர்தான் புதிது, வழக்கம் பழையது.

1707-ல் இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் நான்கு, தாங்கள் கடலில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட அன்று நம்பகமான வழி கிடையாது. 1714-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. யார் வழி கண்டுபிடித்தாலும் 20,000 பவுண்டு வரை பரிசு. அந்தக் காலத்தில் அது பெரிய சொத்து.

விடை வானத்து நட்சத்திரங்களில்தான் இருக்கிறது என்று பெரிய பெரிய வானியல் அறிஞர்கள் நம்பினார்கள். விடையோடு வந்தவர் ஜான் ஹாரிசன். தச்சர் மகன், கடிகாரம் செய்கிறவர். கப்பல் எவ்வளவு ஆடினாலும், வெயிலிலும் குளிரிலும் நேரம் தவறாத ஒரு கடிகாரம் இருந்தால் போதும், ஊர் நேரத்தையும் கப்பல் இருக்கும் இடத்து நேரத்தையும் ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டுவிடலாம் என்றார். 1761-ல் அவருடைய நான்காவது கடிகாரம் ஜமைக்காவுக்குக் கப்பலேறிப் போய்த் தன்னை நிரூபித்தது.

ஆனால் பரிசு முடிவு செய்யும் குழுவில் நட்சத்திரக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஒரு சோதனை, இன்னும் ஒரு நிபந்தனை என்று இழுத்தார்கள். மன்னர் வரை விஷயம் போய், 1773-ல் பாராளுமன்றமே தலையிட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தது. அப்போது ஹாரிசனுக்கு வயது எண்பது. மூன்று வருஷத்தில் இறந்துவிட்டார்.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. விடை நாம் எதிர்பார்க்கும் ஆளிடமிருந்து வராது. இது ஒன்று. தனக்கென்று ஒரு யோசனையைக் கையில் வைத்திருக்கிறவர், மற்றவர் யோசனைக்கு நீதிபதியாக உட்காரக் கூடாது. இது இன்னொன்று.

அடுத்த உதாரணம் உங்கள் எல்லோருடைய பர்ஸிலும் இருக்கிறது. நம் ரூபாய்க் குறி. டாலருக்கும் பவுண்டுக்கும் தனிக் குறி இருந்த காலத்தில், நாங்கள் ஆங்கிலத்தில் ஆர், எஸ் என்று இரண்டு எழுத்துப் போட்டு எழுதிக்கொண்டிருந்தோம். 2009-ல் மத்திய நிதி அமைச்சகம் பொதுமக்களிடமே வடிவம் கேட்டுப் போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010 ஜூலை 15-ம் தேதி மத்திய அமைச்சரவை அதில் ஒன்றை ஏற்றுக்கொண்டது. வரைந்தவர் உதயகுமார். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தமிழர். பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அடுத்த வருஷமே அந்தக் குறி நாணயத்தில் வந்துவிட்டது.

இதில் நான் கவனித்தது, கேள்வி கேட்ட விதம். "நல்லதாக ஒரு குறி வரைந்து அனுப்புங்கள்" என்று மொட்டையாகக் கேட்கவில்லை. நாட்டின் பண்பாட்டைக் காட்ட வேண்டும், கணினி விசைப்பலகையில் பொருந்த வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகளை முன்கூட்டியே சொன்னார்கள். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னதால், வந்ததில் எது பொருந்தும் என்று பார்க்கவும் முடிந்தது.

நம் வாட்ஸ்அப் குரூப்பில் நாம் எப்படிக் கேட்கிறோம்? "தண்ணீர்ப் பிரச்சினைக்கு எல்லோரும் யோசனை சொல்லுங்கள்." உடனே நாற்பது மெசேஜ் வரும். பத்து குட்மார்னிங், ஐந்து கைகூப்பல், மீதி எல்லாம் முந்தின நிர்வாகக் குழு மேல் புகார். அது சொல்கிறவர்களின் குற்றமில்லை. கேள்வி அப்படி.

கேள்வி மட்டும் சரியாக இருந்தால் போதாது. விவரத்தையும் கொடுக்க வேண்டும். கனடாவில் ரெட் லேக் என்ற ஊரில் கோல்ட்கார்ப் என்ற நிறுவனத்துக்கு ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. தங்கம் குறைந்துகொண்டே வந்தது. அடுத்து எங்கே தோண்டுவது என்று அவர்களுடைய சொந்த நிபுணர்களுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. சுரங்கத் தொழிலில் நில ஆய்வு விவரம் என்பது நம் லாக்கர் மாதிரி, வெளியாளுக்குக் காட்டவே மாட்டார்கள். 2000-ல் அந்த நிறுவனத்தின் தலைவர் ராப் மெக்யூவன், எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ளும் காரியம் ஒன்றைச் செய்தார். சுரங்கத்தைப் பற்றிப் பல வருஷமாகச் சேர்ந்திருந்த விவரம் முழுவதையும் இணையத்தில் போட்டு, "எங்கே தங்கம் இருக்கும் என்று சொல்லுங்கள், மொத்தம் 5,75,000 டாலர் பரிசு" என்றார்.

பல நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறங்கினார்கள். நில இயல் படித்தவர்கள் மட்டுமல்ல, கணிதம் தெரிந்தவர்கள், கணினிக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். முதல் பரிசு ஆஸ்திரேலியாவிலிருந்து சேர்ந்து வேலை செய்த இரண்டு நிறுவனங்களுக்குப் போனது. அந்தச் சுரங்கத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. போட்டியாளர்கள் காட்டிய 110 இடங்களில் பாதி, நிறுவனம் யோசித்தே பார்க்காத இடங்கள். அந்தப் புது இடங்களில் ஐந்துக்கு நான்கில் தங்கம் கிடைத்தது.

நம்மிடம் தங்கம் இல்லை, போர்வெல்தான் இருக்கிறது. ஆனால் அதன் விவரம் யாருக்குத் தெரியும்? எந்தப் போர்வெல் எந்த மாதத்தில் வற்றுகிறது, எத்தனை டேங்கர் வந்தது, என்ன விலை, மழைநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது தூர்வாரினோம் என்பதெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், பம்ப் ரூமில் ஆணியில் தொங்குகிறது. அதைக் காட்டாமல் யோசனை கேட்பது, பேலன்ஸ் ஷீட்டைக் காட்டாமல் கடன் கேட்பது மாதிரி. எந்த வங்கியும் கொடுக்காது.

இனி, எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு மாட்டுக் கதை. 1906-ல் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் கால்நடைக் கண்காட்சி. ஒரு கொழுத்த மாட்டை நிறுத்தி, இதை வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு எடை நிற்கும் என்று சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். ஒரு சீட்டு ஆறு பென்ஸ். கசாப்புக்காரர், விவசாயி, வேடிக்கை பார்க்க வந்தவர் என்று எல்லோரும் எழுதிப் போட்டார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் என்ற விஞ்ஞானி அந்தச் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் போட்டார். படிக்கக் கூடியவை 787. அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நின்ற எண்ணைப் பார்த்தால் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198 பவுண்டு. நூற்றுக்கு ஒன்று கூட வித்தியாசமில்லை.

இது எப்படி நடந்தது? ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிப் போட்டார்கள். ஒருவர் கூட்டி எழுதிய பிழையை இன்னொருவர் குறைத்து எழுதிய பிழை சரிக்கட்டிவிட்டது. அந்தக் கண்காட்சியில் ஒரு பெரிய மனிதர் முதலில் எழுந்து நின்று, "1,500 பவுண்டுக்குக் குறையாது" என்று உரக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள். நம் கூட்டங்களில் முதலில் மைக் பிடிக்கிறவர் சொல்வதுதான் கடைசியில் தீர்மானமாகிறது. நானும் இன்று மைக் பிடித்திருப்பதால் உரிமையோடு சொல்கிறேன். யோசனைகளை முதலில் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஊர் சொன்னால் எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 2016-ல் பிரிட்டனில் துருவ ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய கப்பல் கட்டினார்கள். என்ன பெயர் வைக்கலாம் என்று அந்த ஆராய்ச்சி மன்றம் இணையத்தில் மக்களைக் கேட்டது. மக்கள் விளையாட்டாக "போட்டி மெக்போட்ஃபேஸ்" என்ற பெயருக்கு 1,24,000-க்கும் மேல் ஓட்டுப் போட்டு முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்ப் பாணியில் சொன்னால், "படகாண்டி படகுமூஞ்சி" என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கப்பலுக்கு சர் டேவிட் அட்டன்பரோ என்று பெயர் வைத்தார்கள். மக்கள் கொடுத்த பெயரைக் கப்பலில் போகும் ஒரு சிறிய ஆளில்லா நீர்மூழ்கிக்கு வைத்துச் சமாளித்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் பலருக்கு மனத்தாங்கல். எங்களை ஏன் கேட்டீர்கள் என்றார்கள். முடிவு எங்களுடையது, உங்களிடம் கேட்பது யோசனை மட்டும் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

அதேபோல் சில விஷயங்களில் ஊரைக் கேட்கவே கூடாது. லிஃப்ட் கயிறு இன்னும் தாங்குமா, மேல்தளக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதற்கு ஓட்டெடுப்பு கிடையாது. அதற்கு எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்றையும் நிர்வாகக் குழுவுக்குப் பணிவோடு சொல்கிறேன். ஏற்கனவே மனதுக்குள் முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கேட்பதைப் போல மனிதர்களை அலட்சியப்படுத்துவது வேறில்லை. ஒரு தடவை அப்படிச் செய்தால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சரி, நம் தண்ணீருக்கு வருகிறேன். என் கோரிக்கைகள் இவை.

கேள்வி ஒரே வரியில், அளவோடு இருக்கட்டும். "ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் டேங்கர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க, இந்த வருஷம் நம் கைக்கு எட்டுகிற செலவில் என்ன செய்யலாம்?" இப்படிக் கேட்டால் ஒருவர் குழாய் முனையில் பொருத்தும் சல்லடையைச் சொல்வார், ஒருவர் ஆர்.ஓ. கழிவுநீரைப் பாத்திரம் கழுவப் பிடிப்பதைச் சொல்வார், ஒருவர் வீட்டுக்கு வீடு மீட்டரைச் சொல்வார். எதுவானாலும் எத்தனை டேங்கர் குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பம்ப் ரூம் நோட்டில் இருக்கும் இரண்டு வருஷத்து விவரத்தைக் கீழ்த்தள நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். குரூப்பிலும் போட வேண்டும். நகலெடுத்து, கூட்டிப் போட்டுத் தர நான் தயார். ரிட்டையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை?

ஊர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமல்ல. வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு. விடியற்காலையில் வால்வு திறக்கும் வாட்ச்மேன், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதைத் தினமும் பார்க்கும் துப்புரவுப் பெண்கள், பத்து வருஷமாக நம் பைப் லைனோடு மல்லுக்கட்டும் பிளம்பர், இவர்களையும் கேட்க வேண்டும். எழுதச் சிரமப்படுகிறவர் சொல்வதை நாம் எழுதிக்கொள்வோம். அந்த ஹாரிசனும் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்தான்.

யோசனைகளைப் பரிசீலிக்கும் மூன்று பேரில் யாரும் தன் யோசனையைக் கொடுக்கக் கூடாது. டேங்கர் ஒப்பந்தம், பிளம்பிங் வேலை என்று அதில் சொந்த ஆதாயம் உள்ளவரும் அந்த மூவரில் இருக்கக் கூடாது. படிக்கும்போது யோசனையின் மேல் வீட்டு எண் தெரியக் கூடாது. இறுதி முடிவு பொதுக்குழுவுடையது என்பதையும் முதல் அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு முக்கியம். வந்த ஒவ்வொரு யோசனைக்கும் பதில் போக வேண்டும். ஏற்றுக்கொண்டோம், ஒரு மாதம் செய்து பார்க்கிறோம், இன்ன காரணத்தால் முடியவில்லை, இந்த மூன்றில் ஒன்று. அந்தப் பட்டியல் நம் அடுத்த காலாண்டு இதழில் வர வேண்டும். "முடியாது" என்ற பதிலைக் கூட மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள். பதிலே வராததைத் தாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வங்கியில் பணப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி உண்டு. கேஷியரிடம் ஒன்று, அதிகாரியிடம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒருவர் மறந்தால் இன்னொருவர் கேட்பார். பணத்துக்கு அந்த ஏற்பாடு செய்த எங்களுக்கு, அந்தப் பச்சைப் பெட்டிக்கும் அதுவே தேவை என்று தோன்றவில்லை. உள்ளே இருந்தது வெறும் காகிதம் என்று நினைத்தோம்.

கீழே லிஃப்ட் பக்கத்தில் நாளை ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. மொபைலில் எழுத முடிந்தவர்கள் அதற்கான படிவத்தில் எழுதலாம். முடியாதவர்கள் சீட்டில் எழுதிப் போடுங்கள். பெட்டியில் இரண்டு பூட்டு தொங்கும். ஒரு சாவி பொருளாளரிடம், இன்னொன்று குழுவில் இல்லாத ஒரு குடியிருப்பாளரிடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு, வந்திருப்பவர்கள் முன்னால் திறக்கப்படும்.

அந்த இரண்டாவது சாவியை யார் வைத்துக்கொள்வது என்று செயலாளர் கேட்டார். என்னிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே நிற்பேன். நீங்களும் வாருங்கள்.